வாத்து வேட்டைக்குப் பல்திறன் பாயிண்டர்: இனத்துக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

ஓசூரில் பிறந்து வளர்ந்து இப்போது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், அங்கே வேட்டை உரிமம் எடுத்திருப்பதாகவும், ஏரியில் விழும் வாத்தை எடுத்து வருவதோடு வயல்வெளியில் ஃபெசன்ட் பறவையையும் கண்டுபிடித்துத் தரக்கூடிய ஒரே நாயை வாங்க விரும்புவதாகவும் எழுதி, "மாமா, எந்த இனம் வாங்கலாம்?" என்று கேட்டிருந்தான். அதே வாரத்தில், காவேரிப்பட்டணத்தில் எங்கள் மாந்தோப்புக்கு அடுத்த தோப்புக்காரர், பெங்களூரில் ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் குட்டி ஒன்று விலைக்கு வருவதாகவும், அது தண்ணீரில் இறங்கும் நாய் என்று கேள்விப்பட்டதாகவும் சொல்லி, வாங்கலாமா என்று கேட்டார். இருவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: நாய் இறங்கப்போகும் தண்ணீர் எப்படிப்பட்டது?

அவனுடையது நவம்பரில் கரையோரம் பனிக்கட்டி படியும் ஏரி. இவருடையது மே மாதத்தில் மதியத்துக்குள் வெதுவெதுத்துவிடும் பண்ணைக்குட்டை. ஒருவருக்கு ஏற்ற நாய் மற்றவருக்கு ஏற்றதாகாது என்பதையும், இனப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன் எவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதையும் இங்கே விளக்குகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் காட்டு வாத்தை வேட்டையாட எவருக்கும் அனுமதி இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடக்கத்தில் சில பறவை, விலங்குகளுக்கு வேட்டை உரிமம் வழங்க இடமிருந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தப் பிரிவுகளை நீக்கிவிட்டது. சுட்டால்தான் வேட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் சொல்லும் வேட்டையில் பிடித்தல், துரத்துதல், பொறிவைத்தல், அவற்றுக்கான முயற்சி ஆகிய எல்லாமே அடங்கும். ஆகவே பாரூர் ஏரியிலோ ஓசூர் ராமநாயக்கன் ஏரியிலோ மேயும் புள்ளிமூக்கு வாத்துகளின் மேல் விளையாட்டாக நாயை ஏவிவிடுவதும் குற்றமே. பொதுவான மீறல்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையும், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. எனவே இந்தக் கட்டுரையில் வேட்டை என்று வருவதெல்லாம், அதற்கு அனுமதி உள்ள நாடுகளுக்குச் சென்று வாழும் நம்மவர்களுக்கானது. இங்கே இருப்பவர்கள் இத்தகைய நாயை வளர்ப்பதில் தடை ஏதுமில்லை. அதன் திறமைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்களும் நாய்க்கு முன்பணம் கட்டுவதற்கு முன் தங்கள் விசா நிலையில் துப்பாக்கி வைத்திருக்கலாமா என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் குடியேற்ற உரிமை இல்லாத விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை உண்டு; செல்லத்தக்க வேட்டை உரிமம் அந்தத் தடைக்கு ஒரு விதிவிலக்கு. ஜெர்மனியில் கடுமையான தேர்வு ஒன்றில் தேறினால்தான் வேட்டை உரிமமே கிடைக்கும்.

பாயிண்டர் வாத்துக்கு எதற்கு?

நம் பக்கத்தில் வேட்டை நாய் என்றதும் சிப்பிப்பாறையும் கன்னியும் நினைவுக்கு வரும். அவை கண்ணால் கண்டதைக் காலால் துரத்திப் பிடிப்பவை. பாயிண்டர் வகை நாய்கள் மூக்கால் வேலை செய்பவை. புதருக்குள் கௌதாரி இருப்பதைக் காற்றில் வரும் வாசனையால் அறிந்ததும், பாயாமல், குரைக்காமல், மூக்கைப் பறவையின் திசையில் நீட்டி, பெரும்பாலும் ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி கல்லாய்ச் சமைந்து நிற்கும். அந்த நிலைக்குத்தான் பாயிண்ட் என்று பெயர்.

ஆங்கிலேயர் இந்த வேலைகளை இனவாரியாகப் பிரித்துக்கொண்டார்கள். கண்டுபிடிக்க ஒரு நாய், பறவையைக் கிளப்ப ஒரு நாய், விழுந்ததை எடுத்துவர ஒரு நாய் என்று வைத்துக்கொள்ளும் வசதி அங்கிருந்த பெரிய பண்ணைக்காரர்களுக்கு இருந்தது. ஜெர்மனி, பிரான்ஸ், ஹங்கேரி போன்ற நாடுகளில் அதே காலத்தில் வேறு எண்ணம் வளர்ந்தது. ஒரே நாய் வயலில் நின்று காட்ட வேண்டும், காயம்பட்டு ஓடியதை மோப்பம் பிடித்துத் தொடர வேண்டும், தண்ணீரில் நீந்தி எடுத்துவர வேண்டும், மாலையில் வீட்டுக்குள் பிள்ளைகளோடு படுத்துக்கொள்ளவும் வேண்டும். இந்த எதிர்பார்ப்பில் உருவானவற்றையே பல்திறன் பாயிண்டர்கள் என்கிறோம்.

இங்கே பலர் கவனிக்காத ஒரு செய்தி இருக்கிறது. வாத்து வேட்டையில் பாயிண்ட் செய்வதற்குப் பெரும்பாலும் வேலையே கிடையாது. வேட்டைக்காரர் நாணல் மறைப்புக்குள் உட்கார்ந்திருப்பார். முன்னால் தண்ணீரில் போலி வாத்துகள் மிதக்கும். நாய் பக்கத்தில் அசையாமல் காத்திருந்து, சுடப்பட்ட வாத்து விழுந்த பின் அனுப்பினால் போய் எடுத்து வர வேண்டும். ஆக, பாயிண்டர் இனத்திலிருந்து வாத்து நாயைத் தேடும்போது நாம் பார்க்க வேண்டிய குணங்கள் அந்த இனத்தின் பெயரில் இல்லை. குளிர்ந்த நீரில் தயங்காமல் இறங்கும் ஆசை, அதைத் தாங்கும் முடி, மணிக்கணக்கில் முனகாமல் இருக்கும் பொறுமை, அடிபட்டு நாணலுக்குள் மூழ்கி மறைந்த வாத்தை விடாமல் தேடும் பிடிவாதம், எடுத்ததைக் கடித்துக் குதறாத மென்மையான வாய் ஆகியவைதாம் அவை.

இதனால் என் அக்காள் மகனிடம் முதலில் கேட்டது, பத்து நாள் வேட்டைக்குப் போனால் எத்தனை நாள் ஏரிக்கு, எத்தனை நாள் வயலுக்கு என்பதுதான். எட்டு நாள் ஏரி என்றால் லாப்ரடார் ரிட்ரீவரோ செசபீக் பே ரிட்ரீவரோ வாங்கிவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்லது. அவை அந்த வேலைக்கென்றே உருவானவை, முடியிலேயே எண்ணெய்ப் பசையும் அடியில் அடர்ந்த உள்முடியும் உண்டு, காத்திருப்பதும் அவற்றுக்கு எளிது. பாதிக்குப் பாதி என்றாலோ, வயல்தான் கூடுதல் என்றாலோ பல்திறன் பாயிண்டரைப் பற்றிப் பேசலாம். அவன் ஆறு நாள் வயல், நான்கு நாள் ஏரி என்றான்.

முடியும் குளிரும்

தண்ணீர் காற்றைவிடப் பல மடங்கு விரைவாக உடற்சூட்டை உறிஞ்சிவிடும். நீந்தும்போது உடல் உழைப்பால் சூடு பிறக்கிறது என்பதால் நாய்க்கு ஆபத்து நீந்தும்போது குறைவு. நனைந்து திரும்பி வந்து, மறைப்புக்குள் காற்றுப்பட அரை மணி நேரம் சும்மா உட்காரும்போதுதான் கூடுதல். பாயிண்டர்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, தசை அதிகம். அந்த அரை மணியை எந்த முடி தாங்கும் என்பதே தேர்வின் முதல் சல்லடை. மின்னசோட்டாவில் வாத்துப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசி வரை நீள்வதால், அங்கே தொடக்க வாரங்களுக்கு ஏற்ற நாய் கடைசி வாரங்களுக்கு ஏற்றதாக இராது.

இந்தச் சல்லடையில் முதலில் தேறுவது கம்பி முடி நாய்கள். ஜெர்மனியின் டிராத்தார் இவற்றில் முதன்மையானது. அமெரிக்காவில் ஜெர்மன் வயர்ஹேர்டு பாயிண்டர் என்ற பெயரில் தனியாக வளர்க்கப்படுவதும் அதே மூலத்திலிருந்து வந்ததுதான். வெளிமுடி இரண்டிலிருந்து நான்கு சென்டிமீட்டர் நீளத்தில் விறைப்பாக இருக்கும், அதன் அடியில் நீர் எளிதில் புகாத அடர்த்தியான உள்முடி இருக்கும். உலுக்கிவிட்டால் பாதி ஈரம் போய்விடும். குணம் கொஞ்சம் முரட்டுத்தனமானது. வீட்டில் பூனையோ கோழியோ இருந்தால் எச்சரிக்கை தேவை. புடல்பாயிண்டர் 1881இல் ஜெர்மனியில் தொடங்கிய கலப்பு. புடல் (ஆங்கிலத்தில் பூடில்) என்று நாம் இன்று சலூனில் அலங்கரித்துப் பார்க்கும் நாய் உண்மையில் தண்ணீரில் வேலை செய்த பழைய நாய் வகை. அதன் நீராசையையும் அறிவையும் இங்கிலீஷ் பாயிண்டரின் மூக்கோடும் ஓட்டத்தோடும் சேர்க்க முயன்றதன் விளைவு இது. வீட்டுக்குள் அமைதியாக இருக்கும் என்பதால் குழந்தை உள்ள குடும்பத்துக்கு நான் இதையே முதலில் சொல்வேன். வயர்ஹேர்டு பாயிண்டிங் கிரிஃபான், கோர்தால்ஸ் என்ற டச்சுக்காரர் 1870களில் உருவாக்கத் தொடங்கிய இனம். மற்றவற்றைவிட நிதானமாக, ஆளுக்கு அருகிலேயே தேடும், எனவே நடந்து செல்பவருக்கு ஏற்றது. கம்பி முடியின் குறை ஒன்று உண்டு. தாடியிலும் காலிடுக்கிலும் ஒட்டுமுள் சிக்கிக்கொள்ளும், கடுங்குளிரில் பனிக்கட்டியும் கோத்துக்கொள்ளும், ஒவ்வொரு நாள் வேட்டைக்குப் பின்னும் உட்கார்ந்து எடுக்க வேண்டும்.

ஷார்ட்ஹேர்டு பாயிண்டர் எல்லாரும் அறிந்த நாய், எளிதில் கிடைப்பது, கற்றுக்கொள்வதில் விரைவானது. ஆண் 25 முதல் 32 கிலோ வரை இருக்கும். முடி அடர்த்தியாக இருந்தாலும் குட்டையானது. அக்டோபர் நடுப்பகுதி வரை கவலையில்லை, அதற்குப் பின் மூன்று அல்லது ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோபிரீன் (ஈரத்திலும் சூட்டைக் காக்கும் ரப்பர்) மேலங்கியைப் போட்டு, நனையாமல் நிற்க ஒரு மேடையும் வைத்துக்கொடுத்தால் வேலை செய்யும். மேலங்கி இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் உள்ளே நீர் தேங்கிக் கனத்துவிடும், கிளையில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

ஹங்கேரியின் விஸ்லாவுக்கு உள்முடியே இல்லை. பாசமான நாய், மென்மையான மனம், குளிர்நீர் வேட்டைக்கு ஏற்றதன்று; கம்பி முடி விஸ்லா ஓரளவு தாங்கும். வைமரானரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: சாம்பல் நிற அழகுக்காகவே பல தலைமுறை வளர்க்கப்பட்டதால், வேலை செய்யும் பரம்பரையைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பிரிட்டனி 14 முதல் 18 கிலோ வரையே உள்ள சிறிய நாய். ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான மலார்டு வாத்தை எளிதாகக் கொண்டுவரும். நான்கு ஐந்து கிலோ எடையுள்ள கனடா கீஸ் என்ற பெருவாத்து உயிரோடு சிறகடித்தால் பாவம் திணறிப்போகும். நீண்ட முடியுள்ள முன்ஸ்டர்லாண்டர் பெரியது, சிறியது இரண்டும் தண்ணீரில் நன்றாக வேலை செய்பவையே, ஆனால் குட்டிக்காகக் காத்திருக்க நேரும்.

பெற்றோரின் சான்றிதழ்

இனத்தை இப்படி இரண்டு மூன்றாகச் சுருக்கிய பின், இனத்தைவிட முக்கியமானது வருகிறது. ஒரே இனத்துக்குள் தண்ணீரை வெறுக்கும் குடும்பமும் உண்டு, தண்ணீரைவிட்டு வெளியே வராத குடும்பமும் உண்டு. எது எது என்பதைக் குட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாய் தகப்பனின் தேர்வு முடிவைப் பார்த்துச் சொல்லலாம்.

வட அமெரிக்காவில் 1969இல் தொடங்கப்பட்ட நாவ்டா என்ற பல்திறன் வேட்டைநாய்ச் சங்கம் இதற்கென்றே தேர்வுகளை நடத்துகிறது. 16 மாதத்துக்கு உட்பட்ட இளம் நாய்களுக்கான இயற்கைத் திறன் தேர்வில் மூக்கு, தேடல், பாயிண்ட், தடம் பிடித்தல், நீராசை, ஒத்துழைப்பு, வேலை ஆர்வம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு; உச்ச மதிப்பெண் 112. நீர்ப் பகுதியில் நாய் தானாக இறங்கி நீந்த வேண்டும், அதுவும் இரண்டு முறை. விற்பவர் "முதல் பரிசு வாங்கிய தாய்" என்று சொன்னால் அத்தோடு நிறுத்தாமல் மதிப்பெண் தாளைக் கேட்டு, நீருக்கான கட்டத்தில் நான்குக்கு நான்கு இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் மேலான சான்று, பயிற்சி முடிந்த நாய்களுக்கான பயன்பாட்டுத் தேர்வு. அதில் மறைப்பருகே அசையாமல் காத்திருப்பதும், கண்ணுக்குத் தெரியாத வாத்தை நாணலுக்குள் தானாகவே தேடுவதும் உண்டு. அந்த வாத்துத் தேடல் மதிப்பெண் ஒன்றே எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது.

ஜெர்மானிய முறை இன்னும் கறாரானது. டிராத்தார் சங்கத்தின் விதிப்படி, பெற்றோர் இருவரும் வசந்தகாலத் தேர்விலும் இலையுதிர்காலத் தேர்விலும் தேறி, உடலமைப்புச் சோதனையும் இடுப்பு மூட்டு எக்ஸ்ரேயும் முடித்திருந்தால்தான் குட்டிகளுக்குப் பதிவு கிடைக்கும். ஜெர்மனியில் இருக்கும் நம்மவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே பல மாநிலங்களில், தேர்வில் தேறிய நாய் உடன் இல்லாமல் நீர்ப்பறவை வேட்டைக்குப் போகவே கூடாது.

உடல்நலச் சான்றுகளில் இடுப்பு மூட்டு எல்லா இனத்துக்கும் பொது. ஷார்ட்ஹேர்டு குட்டி என்றால் பகற்குருடு, தோலைத் தாக்கும் லூபஸ் ஆகிய இரண்டுக்கும் மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஷார்ட்ஹேர்டு, வயர்ஹேர்டு இரண்டிலும் இரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் நோய் வரக்கூடும். முள்ளிலும் நாணலிலும் கிழிபடும் நாய்க்கு அது சிறிய குறையன்று. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு, வைமரானருக்கு அது கூடுதல். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடனே வயிறு நிறையத் தீனி வைக்கக்கூடாது.

காகிதங்களுக்குப் பின் நேரில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "போன பருவத்தின் கடைசி வாரத்தில் இந்தத் தாய் என்ன செய்தது?" வேட்டைக்குப் போகும் வளர்ப்பாளர் நாள், இடம், காற்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கிவிடுவார், நிறுத்துவதுதான் கடினம். போகாதவர் மீண்டும் சான்றிதழைக் காட்டுவார்.

குட்டியைப் பார்க்கும்போது

ஏழெட்டு வாரக் குட்டியிடம் பார்க்கக்கூடியது குறைவு. தூண்டில் கோலில் ஓர் இறகைக் கட்டி முன்னால் ஆட்டி, குட்டி காலைத் தூக்கி நிற்பதைக் காட்டி விலையை ஏற்றுவார்கள். அந்தக் குட்டி கண்ணால் பார்த்து நிற்கிறது, மூக்கால் அன்று. எனவே அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு பழைய துணி உருண்டையை உருட்டிவிட்டு, எந்தக் குட்டி அதைக் கவ்விக்கொண்டு ஆளிடம் திரும்பி வருகிறது, எது கவ்விக்கொண்டு மூலைக்கு ஓடுகிறது என்று பாருங்கள். ஒரு தட்டைக் கீழே போட்டு ஒலி எழுப்பினால் எல்லாக் குட்டியும் திடுக்கிடும். திடுக்கிட்டது எவ்வளவு நேரத்தில் மீண்டும் விளையாட வருகிறது என்பதே கணக்கு. கம்பி முடி இனங்களில் ஒரே ஈற்றில் வழவழப்பான முடியும் பஞ்சு போன்ற முடியும் கலந்து பிறக்கும். பஞ்சு முடி தண்ணீரையும் முள்ளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

வேலைக்குப் போய்வரும் ஒற்றை ஆளாக இருந்தால் ஒன்றரை இரண்டு வயதில், அடிப்படைப் பயிற்சி முடிந்த நாயை வாங்குவதையும் எண்ணிப் பார்க்கலாம். விலை கூடுதல்தான். ஆனால் அது தண்ணீரில் இறங்குவதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

நம் ஊரில் வளர்ப்பவர்களுக்கு

இனி தோப்புக்காரருக்கான பகுதி. மின்னசோட்டாவில் நாயைக் காக்கும் அதே உள்முடி, காவேரிப்பட்டணத்தின் ஏப்ரல் வெயிலில் அதற்கு எமனாகும். இங்கே வரிசை தலைகீழாக மாறுகிறது. டிராத்தாரும் கிரிஃபானும் வேண்டவே வேண்டாம். ஷார்ட்ஹேர்டு முதலில், விஸ்லா அடுத்து. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூர், தளி பக்கத்தில் வளர்ப்பவர்களுக்கு ஓரளவு சலுகை உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரி, அரூர் பக்கத்தில் கோடையில் காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் மட்டுமே ஓடவிட வேண்டும். இந்த நாய்களுக்கு நிறுத்தத் தெரியாது; தரையில் விழும்வரை ஓடும். உடற்சூடு 41 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. மூச்சிரைப்பு அடங்காமல் நாக்கு கருஞ்சிவப்பாக மாறினால் நிழலுக்குத் தூக்கிச் சென்று வயிறு, அக்குள், பாதங்களில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

நம் பக்கத்தில் தண்ணீரும் எல்லா இடத்திலும் ஒன்றன்று. கெலவரப்பள்ளி அணையிலிருந்து தென்பெண்ணையில் நுரை பொங்கி வரும் நாட்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நீரில் நாயை இறக்கக்கூடாது. கோடையில் ஏரிகளில் பச்சை பெயின்ட்டைக் கொட்டியதுபோல் படரும் நீலப்பச்சைப் பாசி நாய்க்கு நஞ்சு, நீந்திவிட்டு முடியை நக்கினாலே போதும். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் கால் சிக்கிக்கொள்ளும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும் என்பதால் வெறிநோய், பார்வோ தடுப்பூசிகளோடு அதற்கான தடுப்பூசியும் போட்டாக வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இல்லை. காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தினமும் கையால் தடவிப் பார்ப்பதுதான் வழி. எல்லாவற்றிலும் பாதுகாப்பானது, ஓரம் சரிவாக உள்ள சொந்தப் பண்ணைக்குட்டை. பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குட்டை என்றால் நாய் வழுக்கி ஏற முடியாமல் மூழ்கிவிடும்; ஒரு மூலையில் சாக்குப் பையையோ கயிற்று வலையையோ கட்டித் தொங்கவிட வேண்டும்.

மாந்தோப்புக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. எடுத்து வரும் இயல்புள்ள நாய், கிடைத்ததையெல்லாம் வாயில் கவ்வும். அறுவடைக் காலத்தில் மாங்கொட்டையை விழுங்கிவிட்டால் குடல் அடைத்து அறுவைச் சிகிச்சை வரை போகும். ஜூன், ஜூலையில் கீழே விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

வேலை கொடுப்பதாகச் சொன்னேன். இந்த நாய்க்குப் பறவை கிடைக்காவிட்டாலும் தேட ஒரு பொருளும் எடுத்துவர ஒரு காரணமும் இருந்தால் போதும். மிதக்கும் ரப்பர் டம்மி ஒன்று, இல்லாவிட்டால் காலி பாட்டிலைச் சுற்றித் தைத்த சாக்கு. அதைக் குட்டையில் எறிந்தும், புல்லுக்குள் ஒளித்தும் தினமும் இரு வேளை எடுத்துவரப் பழக்கினால் நாய் நிறைவாக இருக்கும். சங்கிலியில் கட்டிப்போட்டுக் காவலுக்கு வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து வேறு நாயைப் பாருங்கள். கட்டிய பாயிண்டர் ஆறு மாதத்தில் குழி தோண்டியும் கத்தியும் தன்னையும் வீட்டையும் கெடுத்துக்கொள்ளும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏரிகளுக்கு வலசை வரும் நீலச்சிறகி போன்ற வாத்துகள் இருக்கும் காலத்தில் கரைப்பக்கம் போனால் கயிறு கையில் இருக்க வேண்டும்.

கயிறு கையில் இல்லாமல் போன கதை எனக்கே உண்டு. எங்கள் முதல் பாயிண்டர் செம்பிக்குப் பதினோரு மாதம். கிருஷ்ணகிரி அணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் அறுத்த வயலில் சிந்திய நெல்மணியை மேய, வெளியூரிலிருந்து ஒருவர் வாத்து மந்தையை ஓட்டி வந்திருந்தார். நான் வரப்பில் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் செம்பி கால்வாயை நீந்திக் கடந்து, ஒரு வாத்தைக் கவ்வி, மீண்டும் நீந்தி வந்து என் காலடியில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டது. மூன்றாவது வாத்தோடு திரும்பும்போதுதான் பிடித்தேன். மூன்றும் உயிரோடு, ஓர் இறகும் முறியாமல், கோபமாகக் கத்திக்கொண்டிருந்தன. மந்தைக்காரர் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நாய் நல்ல நாய்தானுங்க, அவுத்து வுட்ட உங்களத்தான் சொல்லணும்" என்றார். மிரண்ட வாத்துகள் இரண்டு நாள் சரியாக முட்டையிடாது என்று அவர் சொன்ன கணக்குக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மென்மையான வாய் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இந்த நிகழ்ச்சியைத்தான். ஆனால் அதே நாள், அழைத்தால் திரும்பி வராத நாய் எவ்வளவு திறமையுள்ளதாக இருந்தும் பயனில்லை என்பதும் எனக்குப் புரிந்தது. அதன் பின் ஆறு மாதம் டம்மியை ஓரங்கட்டிவிட்டு விசிலுக்குத் திரும்புவதை மட்டும் பழக்கினேன்.

குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரும் காலம் இரு ஊரிலும் வேறு வேறு. என் அக்காள் மகனுக்குச் சொன்னது, மார்ச்சில் பிறந்து மே மாதம் கைக்கு வரும் புடல்பாயிண்டர் அல்லது டிராத்தார் குட்டி. ஜூன், ஜூலையில் நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது முதல் நீச்சல் அமைந்துவிடும். இலையுதிர்காலத்தில் கையில் வரும் குட்டிக்கு முதல் தண்ணீரே குளிர்ந்த நீராக இருந்தால் பயம் நெஞ்சில் தங்கிவிடும். தோப்புக்காரருக்குச் சொன்னது, தீபாவளி முடியட்டும் என்பது. மூன்று மாதக் குட்டி வெடிச் சத்தத்தில் ஒருமுறை மிரண்டுவிட்டால் அதைத் தெளிவிப்பது பெரும்பாடு. வெடியோசை அடங்கி, வெயிலும் தணிந்திருக்கும் டிசம்பரில் வாங்கினால், கோடை வருவதற்குள் அதற்கு ஐந்தாறு மாதம் ஆகியிருக்கும்.

முதல் நீச்சலுக்கு எங்கும் ஒரே முறைதான். குட்டியைத் தூக்கித் தண்ணீரில் போடக்கூடாது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, கரைக்கு முதுகைக் காட்டியபடி மெல்ல நடந்துகொண்டே இருங்கள். குட்டி கரையில் முனகும், இரண்டு முறை காலை நனைத்துப் பின்வாங்கும், பிறகு தானாக வரும். வந்ததும் ஆரவாரம் செய்யாமல் இன்னும் நான்கு அடி நடந்து திரும்புங்கள். அன்றைக்கு அது போதும்.